நாலுக்கு ஒன்று தப்பு

ஹார்லோ, மினசோட்டா
20 செப்டம்பர் 2022

அன்புள்ள டாசனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, டஃபி மூவரும் சுகம். டஃபிக்கு மட்டும் பின்னங்காலில் ஏழு தையல். குரைத்துக்கொண்டே வேலிக் கம்பியோடு சண்டை போட்டு வேலி ஜெயித்துவிட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? தோள்பட்டை வலி குறைந்ததா?

இனிமேல் போன் வேண்டாம், கடிதம் போடுங்கள் என்று நீ சொன்னதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் வேர்த்தது. நான் கடைசியாக எழுதிய கடிதம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு. கேஸ் டாங்கரை என் வீட்டு கராஜ் கதவிலேயே நான் மோதியதை விளக்கி எழுதினேன். கதவு குறுக்கே வந்துவிட்டது என்று எழுதியதாக ஞாபகம். அவர்கள் நம்பவில்லை. எனவே என் எழுத்துத் திறமை உனக்குத் தெரியும்.

ஊரில் இப்போது ஒரே பேச்சுதான். இந்த சீசன் முடிந்ததும் லேக்மென் புட்பால் அணி உன் ஒப்பந்தத்தை நீட்டிக்குமா, நீட்டிக்கலாமா, கூடாதா? நான் கேஸ் நிரப்பப் போகிற வீடுகளில்கூட, மீட்டரைப் பார்ப்பதற்குள் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கோர்டி கடையில் காலை காபிக்கு இரண்டு கட்சி. கோர்டி உன் கட்சி.

“குடுக்கணும்யா! இருபத்தி மூணு வயசு. இன்னும் பத்து வருஷம் எறிவான். இப்ப விட்டா வேற ஊர்க்காரன் கொத்திட்டுப் போயிடுவான்” என்கிறான்.

வெர்லின் எதிர்க்கட்சி. “மூணாவது வருஷம்தானே, என்ன தலைபோற அவசரம்? கொட்டிக் குடுத்துட்டு அடுத்த வாரமே முட்டி போச்சுன்னா? அப்புறம் பந்து எறியற குவார்ட்டர்பேக்கை வீல்சேர்ல தள்ளிட்டு வருவியா?”

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நீ என்ன சொல்ற ஆர்லன்?”

“காபிக்கு ரெண்டாந்தடவை ஊத்தச் சொல்றேன்” என்றேன்.

சாப்பாட்டை விட்டுவிடாதே. பதில் போடு, நாலு வரி போதும்.

அப்பா


டுலூத்
9 அக்டோபர் 2022

அன்புள்ள அப்பா,

நலமா? அம்மா நலமா? நான் நலம். தோள் பரவாயில்லை. உங்கள் கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், இரண்டு மூன்று முறை படித்துவிட்டேன். கராஜ் கதவுக் கதையை மாலிக்குக்குப் படித்துக் காட்டினேன். எனக்கு முன்னால் நின்று என்னைக் காப்பாற்றுகிறவன் அவன்தான். சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தான். முந்நூற்று இருபது பவுண்ட் ஆள், நாற்காலி பாவம்.

போன ஞாயிறு ஒரு தமாஷ். மூன்றாவது பகுதி. பத்து பேரும் வட்டமாகக் குனிந்து என் வாயையே பார்க்கிறார்கள், அடுத்து எந்த உத்தியில் ஆடுவது என்று நான் சொல்ல வேண்டும். நான் கம்பீரமாக, “நீலம் நாற்பது, இடது” என்றேன். ஒருத்தனும் அசையவில்லை.

மாலிக்தான் கேட்டான். “தம்பி, இது எந்த ஊர் பாஷை?”

எங்கள் அணியின் உத்திப் புத்தகத்தில் அப்படி ஓர் ஆட்டமே இல்லை அப்பா. ஹார்லோ பள்ளிக்கூடத்தில் ஆடியது! எங்கிருந்து வந்ததோ. அவசரமாக டைம் அவுட் கேட்டுத் தப்பித்தேன். வாரம் முழுக்க என்னை ‘நீலம் நாற்பது’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

டஃபியின் கால் எப்படி இருக்கிறது? தையல் எப்போது பிரிக்கிறார்கள்?

ஊர்ப் பேச்சையெல்லாம் எழுதினீர்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதவில்லையே. எனக்கு நீட்டிக்கலாமா, கூடாதா? லேக்மென் முதலாளி இடத்தில் நீங்கள் இருந்தால்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் ஹோஸைத் தனியாக இழுக்காதீர்கள்.

டாசன்


ஹார்லோ
13 அக்டோபர் 2022

அன்புள்ள டாசனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. எல்லோரும் நலம். தையல் போன வாரமே பிரித்தாகிவிட்டது. டஃபி மறுபடி வேலிப் பக்கம் போய் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

லேக்மென் முதலாளியாக நான் இருந்தால் முதல் வேலையாக மைதானத்து ஹாட் டாக் விலையைக் குறைப்பேன். அதோடு ஒரே வாரத்தில் அணி திவால். என்னிடமெல்லாம் யோசனை கேட்காதே.

ஒன்று கேட்க வேண்டும். ‘நீலம் நாற்பது’ சொன்னாய் அல்லவா, அதற்கு முன்னால் உனக்கு அடி ஏதாவது பட்டதா? இரண்டாவது பகுதியின் கடைசியில் அந்த ஐம்பத்தைந்தாம் நம்பர்க்காரன் பக்கவாட்டில் வந்து உன்னைச் சாய்த்தானே, அப்போது உன் தலை தரையில் பட்ட மாதிரி டிவியில் தெரிந்தது. டிவியில் எல்லாம் பெரிதாகத்தான் தெரியும், அதனால் கேட்கிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்தப் பகுதியை மட்டும் தாண்டிவிட்டேன். மறந்தாற்போலத் தாண்டினேன்.

உடனே எழுது.

அப்பா


டுலூத்
21 நவம்பர் 2022

அன்புள்ள அப்பா,

நலம்தானே? பதில் எழுதத் தாமதம், மன்னியுங்கள். எழுதிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அடிபட்டதை டிவியில் பார்த்திருப்பீர்கள். கவலைப்பட ஒன்றுமில்லை. மைதான ஓரத்தில் டாக்டர் இருக்கும் நீலக் கூடாரத்துக்குள் கூட்டிப்போய்ப் பரிட்சை வைத்தார்கள். சொல் ஞாபகம், எண்ணைப் பின்னாலிருந்து சொல்வது, எல்லாம் வழக்கம்போல. என் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். அச்சு அசல் அதே. டாக்டருக்கு ஆச்சரியம். எட்டு நிமிடத்தில் திரும்ப ஆட விட்டார்கள். ஜெயித்தோம்.

நமக்குத்தான் தெரியுமே!

டஃபியின் தையல் எப்போது பிரிக்கிறார்கள்?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

டாசன்


ஹார்லோ
24 நவம்பர் 2022

அன்புள்ள டாசனுக்கு,

அம்மா, நான் நலம். இன்று நன்றித் திருநாள். உன் நாற்காலியில் டஃபி உட்கார்ந்து வான்கோழி சாப்பிட்டது. தையல் பிரித்தாகிவிட்டது, காயம் தெரியவே இல்லை.

ரேடியோவில் ஹாங்க் நடத்தும் நிகழ்ச்சியை நீ கேட்பதில்லை என்று தெரியும். கேட்காதே. ஆனால் செவ்வாய்க்கிழமை க்ரூக்ஸ்டனிலிருந்து லைல் என்று ஒருவன் கூப்பிட்டான். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

“லைன்ல யாரு?”

“லைல். ரொம்ப வருஷமா கேக்கறேங்க, பேசறது இதான் மொத தடவை.”

“சொல்லுங்க லைல். டாசன் ஸ்கோக்குக்கு நீட்டிக்கலாமா?”

“கூடாதுங்க.”

“அட! எட்டு ஆட்டம் ஜெயிச்சுக் குடுத்திருக்கான்யா. ஏன் கூடாது?”

“பந்தைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நிக்கறான். அடி வாங்கறான்.”

“நின்னு அடி வாங்கறதாலதான லைல் நாம ஜெயிக்கறோம்!”

“ஜெயிக்கறது நீங்க. வாங்கறது அவன்.”

“அண்ணே, ஒளிக்காம சொல்லுங்க. உங்களுக்கும் அந்தப் பையனுக்கும் என்ன பகை? உங்க பொண்ணைக் காதலிச்சுட்டு விட்டுட்டானா?”

லைல் போனை வைத்துவிட்டான். மறுநாள் கோர்டி கடையில் எல்லோரும் அந்த லைலைக் கிழித்தெடுத்தார்கள். “க்ரூக்ஸ்டன்காரன்னாலே அப்படித்தான்” என்றார் வெர்லின். அவரே உன் எதிர்க்கட்சி! நானும் கூடச் சேர்ந்து நாலு வார்த்தை திட்டினேன்.

அந்தக் கூடாரத்துப் பரிட்சை பற்றி எழுதியிருந்தாய். நீ இப்போதும் அப்படியேதான் செய்கிறாயா?

வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அம்மா கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன்.

அப்பா


டுலூத்
17 ஜனவரி 2023

அப்பா,

லைல் நீங்கள்தானே?

முதல் பிளே ஆஃப் ஆட்டத்தில் தோற்ற மறுநாள், உடை மாற்றும் அறையில் ஹாங்க் லைலைக் கேலி செய்ததைக் கேட்டுச் சிரிக்கலாம் என்று யாரோ அந்த ரேடியோ ஒலிப்பதிவைப் போட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ‘ஜெயிக்கறது நீங்க’ என்ற இடத்தில் பின்னால் ஒரு பெண்குரல், “ஆர்லன், ஹாட்டிஷ் ஆறிப் போவுது!” என்று கத்துகிறது. க்ரூக்ஸ்டன் லைலை என் அம்மா எதற்கு ஆர்லன் என்று கூப்பிட வேண்டும்?

மாலிக் என்னைப் பார்த்தான். அவனுக்கு உங்கள் பெயர் தெரியும். அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

என் கை சரியில்லையா? நேராகச் சொல்லுங்கள். அக்டோபரில் கேட்டேன், ஹாட் டாக் ஜோக் சொன்னீர்கள். என்னிடம் சொல்லாததை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

நான்கு வருட நீட்டிப்புக்குப் பேச்சு நடக்கிறது. மார்ச்சில் முழு மருத்துவப் பரிசோதனை. அது தேறினால் ஏப்ரல் மூன்று கையெழுத்து. லைலிடம் சொல்லிவிடுங்கள்.

டாசன்


ஹார்லோ
20 ஜனவரி 2023

அன்புள்ள டாசனுக்கு,

நான்தான்.

உலகத்திலேயே பெயரை மாற்றிக்கொண்டு சமையலறையிலிருந்து போன் செய்த ஒரே மடையன் நான். வங்கி கொள்ளையடிக்கப் போனால் சட்டையில் பெயர் தைத்துக்கொண்டு போவேன்.

உன் கைக்கு ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் அப்படி ஒரு கை இல்லை. காரணம் வேறு. எழுத உட்கார்ந்தால் கடிதம் இதோ இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு இப்போது உரிமை இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

அப்பா


ஹார்லோ
19 பிப்ரவரி 2023

அன்புள்ள டாசனுக்கு,

ஒரு மாதம் உன் பதிலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வராதது நியாயம். எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

போன மாதம் நின்ற இடத்திலிருந்து தொடர்கிறேன்.

2013 ஆகஸ்டு. உனக்குப் பதினாலு. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் மிஸ் பிரெக்கி அணிப் பையன்களை உட்கார வைத்து ஞாபகப் பரிட்சை நடத்தினாள். அடிபடுவதற்கு முன்னால் மண்டை எப்படி வேலை செய்கிறது என்று ஓர் அளவு எடுத்து வைப்பது. அடிபட்டால் மறுபடி வைத்து அதோடு ஒப்பிடுவது. பள்ளியிலேயே நீதான் முதல். மிஸ் பிரெக்கி வீட்டுக்கே போன் செய்தாள். ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாத எங்கப்பா குடும்பத்தில் இப்படி ஒரு மூளை எங்கிருந்து வந்தது என்று நான் அம்மாவைச் சந்தேகமாகப் பார்த்தேன். அவள் கரண்டியால் அடித்தாள்.

அக்டோபரில் உனக்கு அடிபட்டது. மறுபரிட்சையில் மதிப்பெண் எங்கேயோ கீழே போயிருந்தது. மூன்று வாரம் உட்கார வைத்தார்கள். ஊரே திரண்டு வரும் ஹோம்கமிங் ஆட்டம் போயிற்று. உன்னைவிடப் பலமாக அடிபட்ட மந்தமான பையன்கள் அடுத்த வாரமே ஆடினார்கள். அவர்களுக்கு விழுவதற்கு உயரம் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. புத்தி இருந்ததற்குத் தண்டனையா என்று கோர்டி கடையில் கத்தினேன். அப்போது யாரோ ஒருவர் சொன்னார், இப்போதெல்லாம் பெற்றோர்கள் என்ன செய்கிறார்கள் என்று.

அடுத்த ஆகஸ்டு. பரிட்சை நாள். பள்ளி வாசலில் டாங்கருக்குள் நானும் நீயும்.

“நாலுக்கு ஒண்ணு தப்பாப் போடு. தெரியாத மாதிரி முழி. அப்புறம் அடிபட்டாலும் அதே மார்க் வரும், உக்கார வெக்க மாட்டாங்க.”

“அது ஏமாத்தறது இல்லையாப்பா?”

“அதிகமா வாங்கறதுக்குப் பண்ணினாத்தான்டா ஏமாத்து. கம்மியா வாங்கறது அடக்கம்.”

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். நல்ல ஜோக் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நீ ஒரு வாரம்கூட உட்காரவில்லை. கல்லூரியிலும் அதே, டுலூத்திலும் அதே. ‘நமக்குத்தான் தெரியுமே’ என்று நவம்பரில் எழுதியிருந்தாய். அந்த வரியை நான் எத்தனை தரம் படித்தேன் தெரியுமா? எட்டு வருடமாக எல்லா டாக்டர்களும் உன்னை ஒரு கோல் வைத்து அளக்கிறார்கள். அந்தக் கோலை உடைத்துக் கொடுத்தவன் நான்.

ஒவ்வொரு ஞாயிறும் நீ விழுந்து எழும்போது கூட்டம் கைதட்டுகிறது. நான் உன் கால்களைப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் நடக்கிறாய் என்று பார்க்கிறேன். ஒருமுறை எதிரணியின் வட்டத்தை நோக்கி நாலடி நடந்துவிட்டுத் திரும்பினாய். வர்ணனையாளர் சிரித்தார். கேஸ் நிரப்பும்போது, மீட்டர் ஓடும்போது, அந்த நாலடி என் கூடவே நடக்கிறது. அதனால்தான் லைல்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. எட்டு வருடமாகத் தெரியாது.

அப்பா


டுலூத்
12 மார்ச் 2023

அன்புள்ள அப்பா,

நலம். நீங்கள் இருவரும் நலமா?

போன் வேண்டாம், கடிதம் போடுங்கள் என்று நான் ஏன் கேட்டேன் தெரியுமா? போனில் பேசினால், வைத்த பிறகு என்ன பேசினோம் என்பது போய்விடுகிறது. முழுவதும் அல்ல. சந்தோஷமாகப் பேசினோம் என்று தெரிகிறது, என்ன பேசினோம் என்று தெரிவதில்லை. கடிதம் என்றால் திரும்ப எடுத்துப் படிக்கலாம்.

போன வாரம் உங்கள் கடிதங்களை எல்லாம் தேதிவாரியாக மேஜைமேல் பரப்பினேன். டஃபியின் தையல் பற்றி நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது. நீங்கள் இரண்டாவது முறையும் புதிதாகக் கேட்டவனுக்குச் சொல்வது மாதிரி பொறுமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் உங்கள்மேல் இருந்த கோபம் போயிற்று.

எட்டாம் தேதி பரிசோதனை நடந்தது. உங்கள் கடிதம் வந்த பிறகு, நான் நிஜமாக எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அதனால் இந்த முறை நான் தப்பாகப் போடவில்லை. ஒன்றுகூட வேண்டுமென்று விடவில்லை. பதினைந்து வயதுக்குப் பிறகு முதல் தடவையாக, பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சரியாகப் போடப் பார்த்தேன்.

அதே மதிப்பெண் வந்தது அப்பா.

நாலுக்கு ஒன்று தப்பு.

டாக்டர் என் தோளில் தட்டி, “பாறைடா நீ! எத்தனை அடி வாங்கினாலும் ஒரு புள்ளி எறங்கல” என்றார். நானும் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

பரிசோதனை தேறிவிட்டது. ஏப்ரல் மூன்று கையெழுத்து. உண்மை உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். என்ன செய்யட்டும்? இந்த முறை ஜோக் வேண்டாம்.

டாசன்


ஹார்லோ
19 மார்ச் 2023

அன்புள்ள டாசனுக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். என் பிப்ரவரிக் கடிதத்தில் என்ன எழுதினேன் என்றும் சொன்னேன். நின்றபடியே கேட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, சமையல் குறிப்புகள் போட்டு வைக்கும் தகரப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். நீ ஒன்பதாம் வகுப்பில் எழுதிய முதல் பரிட்சையின் மதிப்பெண் தாள். மிஸ் பிரெக்கியின் கையெழுத்தோடு. பெருமைக்காக எடுத்து வைத்திருந்தாளாம்.

“இதையும் சேத்து அனுப்பு. எம்புள்ளையோட சரியான அளவு இதுதான். இனிமே அவன்கிட்ட சாமர்த்தியமா எதுவும் சொல்லிக் குடுக்காத” என்றாள்.

முடிவு உன் கையில் என்று எழுதி, கிழித்து, மறுபடி எழுதிக் கிழித்தேன். தப்பைச் சொல்லிக் கொடுக்க மட்டும் வாய் இருந்தவன், இப்போது முடிவு உன்னுடையது என்று ஒதுங்கிக்கொண்டால் அது என்ன பிழைப்பு?

கையெழுத்துப் போடாதே. தாளை டாக்டரிடம் கொடு.

அம்மா முத்தம் தந்ததாக எழுதச் சொன்னாள்.

அப்பா


டுலூத்
10 ஏப்ரல் 2023

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலமா இருவரும்? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

செய்தியில் பார்த்திருப்பீர்கள். ‘இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வர இயலவில்லை.’ அவ்வளவுதான் சொன்னார்கள், நல்லவர்கள். ஹாங்க் நிகழ்ச்சியில் நான் பேராசைக்காரன் என்று முடிவு செய்துவிட்டார்களாம். மாலிக் பார்க்க வந்தான். கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போகும்போது, “உன்னை நான் இன்னும் நல்லாக் காப்பாத்தியிருக்கணும்” என்றான். அவனைச் சமாதானப்படுத்த எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

தாளை டாக்டரிடம் கொடுத்த தினம் முப்பது மார்ச். அவர் அதைப் பார்த்தார், என் மார்ச் மாத மதிப்பெண்ணைப் பார்த்தார், பிறகு நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தார். எப்போதிலிருந்து தப்பாகப் போடுகிறாய் என்று கேட்டார். இந்த அணிக்கு வந்த பிறகுதான், மூன்று வருடமாக, என் சொந்த யோசனை என்று சொன்னேன். நீங்கள் இதில் இல்லை. அப்படியே இருக்கட்டும். ஊரில் நீங்கள் கோர்டி கடைக்குப் போக வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும். தயவு செய்து இதை மாற்றாதீர்கள்.

இனி என்ன என்று தெரியவில்லை. ஏதோ சிகிச்சை, பயிற்சி என்கிறார்கள். வெளிச்சம் கொஞ்சம் கூசுகிறது. மதியத்தில் திரையை இழுத்துவிட்டுக்கொள்கிறேன்.

டாசன்


ஹார்லோ
14 ஏப்ரல் 2023

அன்புள்ள டாசனுக்கு,

அம்மா நலம். நானும்.

நீ கேட்டதை நான் மாற்றிவிட்டேன். கோபித்துக்கொள். மூன்று வருடம் என்று நினைத்துக்கொண்டு டாக்டர் உனக்கு வைத்தியம் பார்த்தால், மீதி வருடங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பது?

நேற்று காலை அவருக்குப் போன் செய்தேன். இந்த முறை என் சொந்தப் பெயரைச் சொன்னேன். பையன் சொன்னது பொய், யோசனை என்னுடையது என்றேன். அவர், “அப்ப என்ன வயசு?” என்றார்.

“முப்பத்தொம்பது” என்றேன்.

“இல்ல மிஸ்டர் ஸ்கோக். பையனுக்கு.”

“பதினஞ்சு.”

எழுதிக்கொண்டார். பேனாச் சத்தம் எனக்குக் கேட்டது. அவருடைய கோப்பில் தலையில் பட்ட அடி என்று இரண்டுதான் இருக்கிறதாம். மற்றது எதுவும் எந்தத் தாளிலும் ஏறவில்லை, நீ ஒரு பரிட்சையிலும் இறங்கவே இல்லையே. உனக்கே எத்தனை ஞாபகம் இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். “உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார்.

உன் ஒரு ஆட்டத்தைக்கூட நான் விட்டதில்லை டாசன். ஏடா, தோர்ஹெட் பள்ளிகளோடு ஆடியது, மழையில் ஆடியது, அம்மாவின் ஆபரேஷன் அன்று ஆடியது எல்லாவற்றுக்கும் இருந்தேன். முதலில் ஏடாவில் விழுந்ததைச் சொன்னேன், எழுந்ததும் ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்ளப் பார்த்தாய். பிறகு கல்லூரி முதல் வருடம், பேருந்தில் திரும்பும்போது வாந்தி எடுத்தது. அன்று ஓட்டலில் கெட்ட மீன் என்று எல்லோரிடமும் நான்தான் சொன்னேன். பிறகு அந்த நாலடி. பிறகு நீலம் நாற்பது. தேதி, எதிரணி, எந்தப் பக்கம் அடி, எத்தனை நேரம் தரையில் கிடந்தாய். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஒன்பது வரை வந்ததும் மூச்சு வாங்கியது, நிறுத்தினேன்.

“இன்னும் இருக்கா மிஸ்டர் ஸ்கோக்?” என்றார்.

இருந்தது. சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை கிளம்பி மதியத்துக்குள் அங்கே இருப்பேன். அம்மாவும் வருகிறாள். பெட்டியைக் கட்டி வாசலில் வை. நீ வண்டி ஓட்ட வேண்டாம். இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொள், நாங்கள் வருகிற கிழமை இதில் இருக்கிறது.

அப்பா